செயலாளரா, அதிபரா? அலிகார் கல்லூரியின் நாற்பதாண்டு வழக்கு

இது நீண்ட பதிவு. லுஹருக்குப் பிறகு ஓய்வாக உட்கார்ந்து வாசியுங்கள்.

முஸ்லிம் கல்வி என்று எங்கே கூட்டம் போட்டாலும் அலிகாரின் பெயர் வராமல் போவதில்லை. பரிசளிப்பு விழாவுக்கு வரும் அதிதி சேர் செய்யித் அஹ்மத் கானைச் சொல்லுவார், அடுத்து நமது அறிஞர் சித்திலெப்பையைச் சொல்லுவார், கைதட்டல் விழும். நாமும் அப்படிப் பேசியிருக்கிறோம், அப்படிக் கைதட்டியும் இருக்கிறோம். ஆனால் அலிகாரின் கதையில் நமக்கு மிகவும் தேவையான பகுதியை யாரும் மேடையில் சொல்வதில்லை. அது அங்கே நடந்த சண்டைகளின் கதை.

நமது ஊர்களில் அந்தச் சண்டை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாடசாலையில் அதிபர் சொல்வது செல்லுமா, அபிவிருத்திச் சங்கம் சொல்வது செல்லுமா? மத்ரஸாவில் உஸ்தாதை வைப்பதும் எடுப்பதும் யார் கையில்? காசு சேர்த்தவர்கள் ஒரு பக்கம் நின்று, "நாங்கள் வீடு வீடாய்ப் போய்ச் சேர்த்த காசு" என்பார்கள். கற்பிப்பவர்கள் மறுபக்கம் நின்று, "வகுப்பறைக்குள் நடப்பது உங்களுக்கு என்ன தெரியும்" என்பார்கள். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் அது முடிவதேயில்லை. இதே வழக்கு அலிகாரில் ஏறத்தாழ நாற்பது வருடம் நடந்தது.

1875 மே 24ஆம் திகதி அலிகாரில் ஒரு சிறிய பாடசாலை திறக்கப்பட்டது. முஹம்மதன் ஆங்கிலோ ஓரியன்டல் கல்லூரி என்று பின்னர் பெயர் பெற்றது அதுதான். திறந்த அன்று சேர் செய்யித் பனாரஸில் அரச உத்தியோகத்தில் இருந்தார். ஓய்வு பெற்று அலிகாருக்குக் குடிவந்தது 1876இல். அதுவரை ஊரில் நின்று இடம் பார்த்து, ஆள் பிடித்து, வகுப்பைத் தொடங்கி நடத்தியவர் மௌலவி சமீஉல்லாஹ் கான். நீதித்துறையில் சப் ஜட்ஜாக இருந்தவர். சேர் செய்யிதின் வலக்கரம் என்று சொன்னால் மிகையில்லை. நமது மேடைகளில் இவருடைய பெயரை நாம் கேட்டதேயில்லை. கேட்காததற்குக் காரணம் உண்டு, வருகிறோம்.

1877 ஜனவரி 8ஆம் திகதி வைஸ்ராய் லிட்டன் பிரபு கல்லூரிக்கு அடிக்கல் நட்டார். கல்லூரி வளர்ந்தது. சேர் செய்யிதுக்கு ஓர் எண்ணம் இருந்தது. பிள்ளைகள் பாடம் மட்டும் படித்தால் போதாது, கேம்பிரிட்ஜ் போல விடுதியிலே வாழ்ந்து, விவாதம் செய்து, கிரிக்கெட் விளையாடி வளர வேண்டும். அதற்கு இங்கிலாந்திலிருந்து ஆசிரியர்கள் வேண்டும். அந்த ஆட்களைப் பிடித்துத் தந்தவர் அவருடைய மகன் செய்யித் மஹ்மூத். கேம்பிரிட்ஜில் படித்த பாரிஸ்டர். பின்னாளில் அலஹாபாத் உயர் நீதிமன்றத்தின் நீதியரசராக உயர்ந்தவர். பிரித்தானிய இந்தியாவில் அந்த ஆசனத்தில் அமர்ந்த முதல் முஸ்லிம் அவர்தான்.

அப்படி 1883இல் அதிபராகத் தெரிவானவர் தியடோர் பெக். வயது 24. கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத்துக்குத் தலைவராக இருந்தவர். அவருக்குப் பின்னால் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள்: வோல்டர் ராலே, தோமஸ் ஆர்னல்ட், தியடோர் மொரிசன். இஸ்லாம் வாளால் பரவவில்லை, அழைப்பாலும் பழக்கத்தாலும் பரவியது என்று 1896இல் ஒரு பெரிய நூல் எழுதினாரே, அந்த ஆர்னல்ட்தான். அலிகாரில் அரபும் பாரசீகமும் கற்பித்த அல்லாமா ஷிப்லி நுஃமானிக்கும் ஆர்னல்டுக்கும் நல்ல நட்பு. 1892இல் இருவரும் ஒரே கப்பலில் புறப்பட்டுப் போனார்கள், ஷிப்லி துருக்கிக்கு, ஆர்னல்ட் இங்கிலாந்துக்கு. ஒரு வெள்ளைக்கார வாலிபரும் அஸம்கர் மௌலவியும் ஒரே ஆசிரியர் அறையில் இருந்து ஒருவரிடம் ஒருவர் படித்த காலம் அது. அலிகாரின் நல்ல பக்கம் எது என்று கேட்டால் நாம் அதைத்தான் காட்டுவோம்.

ஆனால் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் ஒரே நிலை இருக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்தவர்களுக்கு உள்ளூர் ஆசிரியரைவிடப் பல மடங்கு சம்பளம். அத்தோடு அவர்களுக்கு ஒரு பயமும் இருந்தது. கடல் கடந்து வந்து இளமையைக் கொடுத்து வேலை செய்கிறோம், இந்தக் கல்லூரியில் எங்களை வைத்திருப்பது ஒரே ஒரு கிழவரின் சொல். நாளை அவர் கண்ணை மூடினால்? அடுத்து வருபவர் பெரும்பாலும் சமீஉல்லாஹ் கானாக இருப்பார். அவரோ, வெள்ளைக்கார ஆசிரியர்கள் கைக்கு அளவுக்கு மீறிய அதிகாரம் போகிறது, இது நமது சமூகம் கட்டிய கல்லூரி, நிர்வாகம் நமது கையில் இருக்க வேண்டும் என்ற கருத்துடையவர். விடுதி ஒழுக்கம் சம்பந்தமாக ஏற்கெனவே உரசல்கள் வந்திருந்தன. அவர் செயலாளராக வந்தால் நாங்கள் போய்விடுவோம் என்று பெக்கும் தோழர்களும் தெரிவித்தார்கள்.

இந்த இடத்தில் நாம் ஆசிரியர்கள் என்ற முறையில் பெக்கைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவன் இன்றைக்கு எப்படி நிம்மதியாகப் பாடம் நடத்துவான்? சமூகத்தின் காசில் நடக்கும் கல்லூரியில் வைத்தவன் எடுக்கலாம் என்ற நிலை எவ்வளவு கொடுமை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பெக் கேட்டது நியாயமானது. சேர் செய்யித் அதற்குக் கண்ட வழிதான் பிழைத்தது.

1889இல் அவர் ஒரு சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். வரலாற்றில் அதை டிரஸ்டி மசோதா என்பார்கள். நாம் நமது பள்ளிவாசல் வழக்கில் நம்பிக்கையாளர் சட்டம் என்று சொல்லலாம். அதுவரை கல்லூரியை நடத்திய குழுக்களுக்குப் பதிலாக நம்பிக்கையாளர் சபை ஒன்று வரும். சேர் செய்யித் ஆயுள் வரை கௌரவ செயலாளர். அவருடைய மகன் செய்யித் மஹ்மூத் இணைச் செயலாளர். தகப்பனுக்குப் பிறகு மகனே செயலாளர்.

ஆசிரியர்களுக்குப் பதவி உறுதி வேண்டும் என்றால் அதைச் சட்டத்தில் எழுதியிருக்கலாம். இன்ன காரணம் இல்லாமல் நீக்க முடியாது, விசாரணை இப்படி நடக்கும், இறுதி முடிவு இவர்கள் கையில் என்று. செயலாளர் நாற்காலியில் யார் வந்தாலும் அது நிற்கும். சேர் செய்யித் அந்த உறுதியை ஓர் ஆளில் வைத்தார். என் மகன் உங்களுக்கு வேண்டியவன், உங்களைக் கூட்டி வந்தவனே அவன்தான், அவன் இருக்கும் வரை பயப்படாதீர்கள் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் பொருள். சமூகத்தின் காதில் அது வேறு விதமாக விழுந்தது: கல்லூரியைக் குடும்பச் சொத்தாக்குகிறார்!

பெரும் பிளவு வந்தது. பத்திரிகைகளில் எழுதினார்கள், துண்டுப் பிரசுரம் போட்டார்கள், பழைய நண்பர்கள் முகம் பார்க்காமல் போனார்கள். சமீஉல்லாஹ் கான் எதிரணிக்குத் தலைமை தாங்கினார். அப்போது ஹைதராபாத் சமஸ்தானத்தில் உயர் பதவியில் இருந்த முஷ்தாக் ஹுஸைனும் எதிர்த்தார். சேர் செய்யிதை உயிராக மதித்த மனிதர் அவர். மதிப்பு வேறு, இந்த ஏற்பாடு வேறு என்று நின்றார். நவாப் விகாருல் முல்க் என்ற பட்டப்பெயரால் இவரை வரலாறு அறியும். இவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மீண்டும் வருவார்.

சட்டம் நிறைவேறியது. சமீஉல்லாஹ் கான் வெளியேறினார். தான் கையால் திறந்து வைத்த பாடசாலையை விட்டுப் போய், அலஹாபாத்தில் முஸ்லிம் மாணவர்களுக்கு ஒரு விடுதி அமைப்பதில் இறங்கினார். அந்தப் பிரிவோடு அவருடைய பெயரும் அலிகாரின் மேடைக் கதையிலிருந்து மெல்ல மெல்ல அழிந்து போனது. தோற்றவரின் பெயரைச் சபையில் சொல்லாமல் விடுவது நமக்கும் உள்ள பழக்கம்தான்.

வெற்றி பெற்ற ஏற்பாடு எப்படி முடிந்தது? 1895இல் கல்லூரி அலுவலகத்தின் தலைமை எழுதுவினைஞர் போலிக் கையொப்பம் இட்டு ஓர் இலட்சம் ரூபாவுக்கும் மேல் கையாடியது வெளியே வந்தது. அந்தக் காலத்து ஓர் இலட்சம். ஒரே கையில் எல்லாம் இருந்ததால் கணக்கைப் பார்க்க இன்னொரு கை இருக்கவில்லை. சமூகம் கை விரித்தது, மாணவர் தொகை குறைந்தது. செய்யித் மஹ்மூத் 1893இலேயே பிரதம நீதியரசரோடு ஏற்பட்ட முரண்பாட்டால் நீதிமன்றத்தை விட்டு விலகியிருந்தார். அந்த மேதை குடியில் விழுந்து, மனம் தளர்ந்து போனார். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் கதையின் முடிச்சே இதில்தான் இருக்கிறது. ஆசிரியர்களின் பாதுகாப்பு என்று எந்த மனிதரைக் காட்டி ஒரு சமூகத்தையே இரண்டாக்கினார்களோ, அந்த மனிதரால் நிற்க முடியவில்லை. 1898 மார்ச் 27ஆம் திகதி சேர் செய்யித் மௌத்தானார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. மௌத்து நடந்தது தன் வீட்டில் அல்ல, மகனோடு இருக்க முடியாமல் போய்த் தங்கியிருந்த ஒரு நண்பரின் வீட்டில்.

சட்டப்படி மகன் செயலாளரானார். ஒரு வருடம் கூட ஓடவில்லை. 1899 ஜனவரியில் நம்பிக்கையாளர்கள் கூடி அவரை அந்தப் பதவியிலிருந்து இறக்கி, நவாப் முஹ்ஸினுல் முல்க்கைத் தெரிவு செய்தார்கள். மஹ்மூதை இழுத்து வந்து நிறுத்திய வெள்ளைக்கார ஆசிரியர்களும் அவரைக் காக்கவில்லை, காக்கவும் முடியாது. அதே 1899 செப்டம்பரில் பெக் சிம்லாவில் காலமானார், நாற்பது வயது. ஷிப்லியும் ஆர்னல்டும் 1898இலேயே அலிகாரை விட்டுப் போய்விட்டார்கள். ஆர்னல்ட் லாஹூர் போனார். அங்கே அவரிடம் படித்த மாணவர்களில் ஒருவர் இக்பால். மஹ்மூத் 1903இல் மறைந்தார்.

முஹ்ஸினுல் முல்க் இனிமையான மனிதர், எல்லோரையும் அணைத்துப் போகக் கூடியவர். சேர் செய்யித் ஞாபகார்த்தமாகப் பத்து இலட்சம் ரூபா சேர்த்துக் கல்லூரியைப் பல்கலைக்கழகமாக்குவோம் என்று ஊர் ஊராய்ப் போனார். ஆனால் கல்லூரியின் கழுத்தில் இன்னொரு கயிறும் இருந்தது, அரசாங்கத்தின் தயவு. 1900ஆம் ஆண்டு உருது, நாகரி எழுத்துப் பிரச்சினை வந்தபோது அவர் உருது பாதுகாப்புச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். லெப்டினன்ட் கவர்னர் மக்டொனல் நேரே சொன்னார்: கல்லூரிச் செயலாளர் பதவியா, சங்கமா, ஒன்றைத் தெரிவு செய். அவர் சங்கத்தை விட்டார். கல்லூரிக்காக விட்டார் என்று ஒரு சாரார் மெச்சினார்கள். நாம் அந்த இடத்தில் இருந்திருந்தால் வேறு என்ன செய்திருப்போம் என்று நமக்கே நிச்சயமாய்ச் சொல்லத் தெரியவில்லை. மாணவர்களுக்கு அது விளங்கவில்லை. விளங்கியவர்களுக்கும் கசந்தது.

அந்தக் கசப்பு 1907இல் வெடித்தது. அலிகார் கண்காட்சியில் ஒரு மாணவனுக்கும் பொலிஸ்காரர் ஒருவருக்கும் தகராறு. சின்ன விசயம். அதிபராக இருந்த ஆர்ச்போல்ட் பொலிஸின் பக்கம் நின்று மாணவனைத் தண்டித்தார் என்று மாணவர்கள் கொதித்தார்கள். வகுப்பைப் பகிஷ்கரித்தார்கள். கல்லூரி மூடப்பட்டது. விசாரணைக் குழு உட்கார்ந்தது. பெக்கும் மொரிசனும் மாணவர்களோடு மாணவர்களாய்ப் பழகிய கல்லூரி அது. இப்போது ஆசிரியர் ஒரு பக்கம், மாணவர் ஒரு பக்கம், இடையில் செயலாளர். முஹ்ஸினுல் முல்க் அதே வருடம் ஒக்டோபரில் சிம்லாவில் மறைந்தார். அந்த வேலைநிறுத்தம் அவரை உடைத்துவிட்டது என்றே பலரும் எழுதினார்கள்.

அவருடைய இடத்துக்கு வந்தவர் விகாருல் முல்க். ஆம், 1889இல் எதிர்த்து நின்ற அதே முஷ்தாக் ஹுஸைன். பதினெட்டு வருடங்களுக்கு முன் வேண்டாம் என்று சொன்ன ஏற்பாட்டை இப்போது நடத்தும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. கண்டிப்பானவர், தொழுகையில் பேணுதலானவர், கோப்பை வரி வரியாக வாசிக்காமல் கையொப்பம் இடாதவர். 1906 டிசம்பரில் டாக்காவில் முஸ்லிம் லீக் உருவான கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. இப்படிப்பட்டவரும் ஆர்ச்போல்டும் ஒரே கூரையின் கீழ் எத்தனை நாள் இருப்பார்கள்?

1909இல் வழக்கு நேரடியாக வந்தது. செயலாளரின் அதிகாரம் எதுவரை, அதிபரின் அதிகாரம் எதுவரை? கல்லூரியின் உள் நிர்வாகத்தில் செயலாளர் தலையிடுகிறார் என்று ஆர்ச்போல்ட் முறையிட்டார். கல்லூரியின் போஷகர் என்ற முறையில் லெப்டினன்ட் கவர்னர் சேர் ஜோன் ஹிவெட் புகுந்தார். அதிபரின் பக்கம் சாய்ந்தார். விகாருல் முல்க் அசையவில்லை. நம்பிக்கையாளர் சபையின் செயலாளர் நம்பிக்கையாளர்களுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும், கவர்னருக்கு அல்ல என்பது அவருடைய நிலைப்பாடு. முஸ்லிம் பத்திரிகைகள் எழுதின, ஊர்களில் கூட்டங்கள் நடந்தன, நம்பிக்கையாளர்கள் பெரும்பாலும் செயலாளரோடு நின்றார்கள். கடைசியில் கவர்னர் இறங்கிவர, ஆர்ச்போல்டின் இராஜினாமா ஏற்கப்பட்டது. அலிகார் வரலாற்றில் முதல் தடவையாகக் கல்லூரியை நடத்துவது யார் என்ற கேள்விக்குச் சமூகம் வாய் திறந்து பதில் சொன்னது.

நாம் இதை வெற்றி என்று கொண்டாடுகிறோம், கொண்டாடவும் வேண்டும். அரசாங்கத்தின் நிழலில் இருந்து கல்லூரியை வெளியே இழுத்தார் அந்த நவாப். ஆனாலும் ஆசிரியரின் கண்ணால் பார்த்தால் ஓர் உறுத்தல் இருக்கிறது. பெக் 1889இல் பயந்தது எதற்கு? செயலாளருக்குப் பிடிக்காவிட்டால் அதிபர் போக வேண்டி வரும் என்பதற்கு. 1909இல் நடந்தது அதுதானே? ஆர்ச்போல்டின் பிழைகள் வேறு விசயம். அவருடைய பிழையை விசாரித்துத் தீர்க்க ஒரு முறை அன்றும் இருக்கவில்லை. யாருக்குப் பின்னால் ஆள்பலம் அதிகம் என்று பார்த்தார்கள். முதல் தடவை சேர் செய்யிதுக்கு அதிகம், இரண்டாம் தடவை விகாருல் முல்க்குக்கு அதிகம்.

இங்கே நமது நாட்டுக்கு ஓர் எட்டுப் போய் வருவோம். கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்து, பின்னர் கல்வி அமைச்சரான மர்ஹூம் பதியுத்தீன் மஹ்மூத் அலிகாரில் படித்தவர். அவர் அமைச்சராக இருந்த 1960இல்தான் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை மதம், அரசியல் என்று பல கோணத்தில் பேசுவார்கள், இன்றும் அதை மன்னிக்காதவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர் பக்கத்தில் அதற்கு இன்னோர் அர்த்தம் உண்டு. அதுவரை அந்தப் பாடசாலைகளில் ஆசிரியரின் பிழைப்பு முகாமையாளரின் கையில் இருந்தது. அதற்குப் பிறகு, முகாமையாளர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்த ஆசிரியர் தலைமுறை மெல்ல மறைந்தது. வேறு யாருடைய திண்ணையில் காத்திருக்கிறோம் என்பது இன்னொரு பதிவுக்கு உரிய விசயம்.

அலிகாருக்குத் திரும்புவோம். 1920இல் கல்லூரி பல்கலைக்கழகமானது. போபால் பேகம் ஸுல்தான் ஜஹான் முதல் வேந்தர், மஹ்மூதாபாத் ராஜா முதல் உபவேந்தர். அதே வருடம் ஒக்டோபரில் காந்தியும் அலி சகோதரர்களும் வந்து அரசாங்கப் பணத்தை உதறுங்கள் என்று கேட்க, நம்பிக்கையாளர்கள் மறுக்க, ஒரு கூட்டம் மாணவர்களும் ஆசிரியர்களும் வெளியேறி ஜாமிஆ மில்லியாவைத் தொடங்கினார்கள். அது தனிக் கதை. போனவர்களில் ஒருவர் ஸாகிர் ஹுஸைன், பிற்கால இந்திய ஜனாதிபதி.

மிஞ்சியிருந்தவர்களுக்குள் பழைய வழக்கு புது உடுப்பில் வந்தது. வெள்ளைக்காரர் போய்விட்டார்கள், இனிச் சண்டை இருக்காது என்றுதான் நினைப்போம். இப்போது உபவேந்தர் ஸாஹிப்ஸாதா அஃப்தாப் அஹ்மத் கான், பெக்கின் பழைய மாணவர். இணை உபவேந்தர் டாக்டர் ஸியாவுத்தீன் அஹ்மத், கேம்பிரிட்ஜிலும் கொட்டிங்கனிலும் படித்த கணித மேதை, அலிகாரின் சொந்தப் பிள்ளை. அன்றாட நிர்வாகம் முழுவதும் ஸியாவுத்தீன் கையில். பரீட்சைத் தரம் விழுகிறது, நியமனங்கள் சரியில்லை என்று அஃப்தாப் வெளிப்படையாக எழுதினார். ஆசிரியர்களும் மாணவர்களும் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று பிரிந்தார்கள். 1927இல் சேர் இப்ராஹிம் ரஹிம்துல்லா தலைமையில் விசாரணைக் குழு வந்தது. அறிக்கை கடுமையாக இருந்தது. ஸியாவுத்தீன் 1928இல் விலகினார்.

இனி யாரைக் கொண்டு வருவது? தேடிப் போய் அழைத்து வந்தார்கள், சேர் ரொஸ் மஸூதை. சேர் செய்யிதின் பேரன், செய்யித் மஹ்மூதின் மகன். அவர் பிறந்தது 1889இல், பாட்டனார் நம்பிக்கையாளர் சட்டத்தைக் கொண்டுவந்து சமூகம் பிளந்த அதே ஆண்டில். தகப்பன் நிலை தவறிய பிறகு அந்தப் பிள்ளையைப் பொறுப்பேற்று வளர்த்தவர் அதிபர் மொரிசன். ஒக்ஸ்போர்ட் போனார், ஹைதராபாத்தில் கல்விப் பணிப்பாளராக இருந்தார். ஆங்கில எழுத்தாளர் போர்ஸ்டர் தன்னுடைய இந்திய நாவலைச் சமர்ப்பித்தது இவருக்குத்தான். அன்று சட்டம் போட்டு மகனைத் திணித்தபோது சமூகம் முகம் சுளித்தது. இப்போது பேரனைத் தானே போய்க் கூட்டி வந்தது.

ரொஸ் மஸூத் 1929இல் பொறுப்பேற்று ஆசிரியர் குழாத்தைச் சீர்படுத்தப் புறப்பட்டார். கணிதத் துறைக்குப் பிரான்ஸிலிருந்து ஓர் இளைஞரைப் பேராசிரியராக அழைத்தார். பெயர் ஆந்த்ரே வெய்ல், வயது 23. இருபதாம் நூற்றாண்டின் பெரிய கணித அறிஞர்களில் ஒருவராகப் பின்னர் உலகம் கொண்டாடிய அதே வெய்ல். பாட்டனார் 24 வயது பெக்கை எடுத்ததை நினைவுபடுத்தும் துணிச்சல். துறையில் இருந்தவர்களில் யார் தகுதியானவர், யாரை அனுப்பலாம் என்று சொல்லும் பொறுப்பையும் அந்த இளைஞரிடமே கொடுத்தார்கள். தன்னைவிட மூத்தவர்களின் சோற்றுக்கு நீதிபதியாக ஒரு 23 வயதுப் பிள்ளை. இது நமக்குச் சரியாகப் படவில்லை. வெய்லுக்கே அது சங்கடமாக இருந்திருக்க வேண்டும்.

வெய்ல் கொண்டுவந்தவர்களில் ஒருவர் தமிழர், தென்னாற்காட்டில் பிறந்த திருக்கண்ணபுரம் விஜயராகவன். ஒக்ஸ்போர்டில் ஹார்டியிடம் படித்தவர். இன்னொருவர் டி. டி. கோசாம்பி, பின்னாளில் இந்திய வரலாற்றையே திருப்பிப் போட்டவர். இரண்டு வருடத்துக்கு அலிகாரின் கணிதத் துறை ஆசியாவிலேயே எடுப்பான துறையாக இருந்திருக்கும் என்று சொல்லலாம். பிறகு காற்று மாறியது. வெய்ல் விடுமுறையில் ஐரோப்பா போயிருந்த நேரத்தில் அவரை நீக்கும் ஏற்பாடு நடந்தது. அவருடைய இடத்தை விஜயராகவனுக்குக் கொடுக்க நினைத்தார்கள். நண்பனின் நாற்காலி எனக்கு வேண்டாம் என்று விஜயராகவன் அலிகாரை விட்டே டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டதை வெய்ல் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1932இல் வெய்லின் அலிகார் வாழ்க்கை முடிந்தது. கோசாம்பியும் சிறிது காலத்தில் புறப்பட்டார்.

நாற்பது வருடச் சண்டையில் எத்தனை நவாப்கள், எத்தனை கவர்னர்கள் பேசினார்கள். ஆசிரியர் ஒருவர், இன்னோர் ஆசிரியரின் வேலைக்காகத் தன் வேலையை விட்டுப் போனதை நாம் வாசித்தது இந்த ஓர் இடத்தில்தான். அதைச் செய்தவர் முஸ்லிமும் அல்ல, அலிகார்காரரும் அல்ல.

ரொஸ் மஸூதுக்கும் நீடிக்கவில்லை. அவருடைய முடிவுகளைச் சபை தடுக்கத் தொடங்கியது. 1934இல் பதவியைத் துறந்து போபால் போனார். அடுத்த ஆண்டு உபவேந்தர் நாற்காலிக்கு வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? டாக்டர் ஸியாவுத்தீன் அஹ்மத்.

அலிகார் பல்கலைக்கழகத்தின் உள்ளே சேர் செய்யித் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது. அதன் ஓரத்தில் வரிசையாகச் சில கப்றுகள். சேர் செய்யித் அங்கே இருக்கிறார். அவரைத் தன் வீட்டில் வைத்திருக்க முடியாமல் போன மகன் மஹ்மூதும் அங்கே. மஹ்மூதின் நாற்காலியில் அமர்ந்த முஹ்ஸினுல் முல்க்கும் அங்கே. 1937இல் போபாலில் மறைந்த ரொஸ் மஸூதைக் கொண்டுவந்து அங்கே அடக்கினார்கள். 1947இல் இலண்டனில் மௌத்தான ஸியாவுத்தீனின் ஜனாஸாவையும் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தார்கள். ஐவேளையும் அந்தக் கப்றுகளைக் கடந்துதான் மாணவர்கள் தொழப் போகிறார்கள். சமீஉல்லாஹ் கானின் கப்று அந்த வரிசையில் இல்லை.